கடிக்கக் கூடாத மஞ்சள்

ஈரோட்டில் யாருக்கும் மஞ்சளைக் கண்டு பயமில்லை.
காலை பத்து மணிக்கு மண்டிக்குள்
மூட்டையில் குத்தூசி இறங்கும்.
உள்ளங்கையில் விழுந்த விரலியை
ஒடித்துச் சத்தம் கேட்பார்கள்,
முன்பல்லால் ஒரு கடி,
துப்பிவிட்டு விலை எழுதுவார்கள்.
பன்னிரண்டு வருசமாய் எடைச்சீட்டு எழுதுகிறவள் நான்.
என் நாக்கு எப்போதும் கொஞ்சம் மஞ்சள்.

பொழுது சாய்ந்தபின்
அந்த நாக்கைத்தான் தூரிகைக்கும் கொடுத்தேன்.
ஊசியில் நூல் கோக்க,
நோட்டுக் கட்டு எண்ண,
கவர் ஒட்ட,
எச்சிலுக்கு இந்த உடம்பில் எத்தனை சோலி,
இன்னொன்று கூடினால் என்ன?
நுனி பிரிந்தால் உதட்டுக்குள் ஒரு சுற்று,
கூராகி வெளியே வரும்.
லேசாய் இனிக்கும்.
தேனும் பிசினும் சேர்த்து அரைத்த வில்லைகள்;
மூடி திறந்திருந்தால் எறும்பு வரும்.
எறும்புக்கு ஆகிறது எனக்கு ஆகாதா
என்று சமாதானம் வேறு.

கச்சேரி வீதி பாபுஜான் கடையில்
ஒரே ஒரு ட்யூப் முந்நூற்று எண்பது.
அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆத்திரத்தில்
முதன்முதலாய் அதன் முதுகைப் படித்தேன்,
போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி.
காட்மியம்.
கீழே பி.ஒய். முப்பத்தைந்து,
நம் மூட்டைகளுக்கு லாட் நம்பர் போல.

"பேட்டரிக்குள்ள இருக்கறதல்லீங் அது?" என்றார்
எடைமேடைப் பொங்கியண்ணன்,
அதோடு டீ குடிக்கப் போய்விட்டார்.
அவர் போய்விட்டார். நான் போகவில்லை.
அன்று இரவு பதினோரு முறை வாய் கொப்பளித்தேன்.
மூன்று வருசம், வாரத்துக்கு நாலு நாள்,
நாளுக்கு எத்தனை சுற்று?
கணக்குப் பிள்ளைக்கே கணக்கு வரவில்லை.

மறுநாள் நிதானமாகப் படித்தேன்.
விரலில் பட்டால் சோப்பு போதும்.
காகிதத்தில் காய்ந்தபின் அது பாட்டுக்குக் கிடக்கும்,
யார் வீட்டுச் சுவரிலும் யாரையும் ஒன்றும் செய்யாது.
வாயும் தூசியும்தான் அது உள்ளே வரும் வழி.
காய்ந்ததைச் சுரண்டாதே, ஊதித் தெளிக்காதே,
நக்காதே.
இவ்வளவுதானா என்றிருந்தது.
இதைக்கூடவா என்றும் இருந்தது.

நாக்கு அடங்கினாலும் கை அடங்கவில்லை.
அதே வாரம்
இஞ்சி தட்டிப் போட்ட நல்ல டீயில்
முழுத் தூரிகையையும் முக்கினேன்.
இப்போது வர்ணத் தண்ணீருக்கு
வாயறுத்த பிளாஸ்டிக் பாட்டில்;
டீ தம்ளர் அடுப்படியை விட்டு வருவதில்லை,
பொரிக்கிண்ணமும்தான்.

ஒன்றுதான் உறுத்துகிறது.
கழுவின தண்ணீரையெல்லாம்
பால்கனிக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.
அது என்னமோ பச்சையாகத்தான் நிற்கிறது.
தண்ணீர் ஊற்றுகிறேன். இலை பறிப்பதில்லை.
ரசத்துக்குக் கறிவேப்பிலை காசு கொடுத்து வாங்கும்போது
அதன் முகத்தில் எப்படி விழிப்பது?

இனித் தட்டில் மிஞ்சினதைப்
பழைய எடைச்சீட்டில் துடைத்து மடித்துவிடுகிறேன்.
தண்ணீர் ராத்திரி முழுக்கத் தெளியட்டும்.
பெரும்பள்ளம் ஓடைக்கு ஏற்கெனவே எல்லா நிறமும் போகிறது,
என் பங்கு வேறு வேண்டாம்.

பாபுஜான் மாற்று ஒன்று கொடுத்தார்,
காட்மியம் இல்லாத மஞ்சள், விலையும் பாதி.
மண்டிக் குவியல்களை அதில்தான் போடுகிறேன்.
பத்துக்கு எட்டுப் பழுது இல்லை.
ஆனால் மேற்கு ஜன்னல் வெயில் விழும் அந்த ஒரு மூலைக்கு
மாற்று கொஞ்சம் பச்சையடிக்கிறது.
அதற்கு மட்டும் பழைய ட்யூபைத் திறந்தேன்,
கடுகளவு.
நுனி பிரிந்தது.
நாக்கு பல் வரைக்கும் வந்து நின்றது.
ஈரத்துணியில் உருட்டிக் கூராக்கினேன்;
கூர் அதே கூர்தான்.

காலையில் மண்டி.
குத்தூசி இறங்கியது.
கையில் விழுந்ததை ஒடித்தேன், நல்ல சத்தம்.
கடித்தேன்.