இரண்டாம் பக்கத்தின் கடைசியில்

சட்பரியில் டயர் கடைக்குப் பின்னால்
வாடகைக்கு ஒரு ஷெட்.
சுவர் முழுக்கப் பழைய மெத்தை, முட்டைத் தட்டு.
ஹீட்டர் ஓடினால் மைக்கில் இரைச்சல்.
அதை அணைத்துவிட்டு
கையுறையின் விரல்களை வெட்டிப் போட்டுக்கொண்டு
பதினோரு இரவில் பதிவு செய்தோம்,
'நைட் கேஜ்' என்ற எங்கள் நாலு பேரின் முதல் ஆல்பத்தை.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்றான் ரெய்யோ.
மூடிப்போன பிரெஞ்சு வானொலி நிலையத்தின் ஏலத்தில்
டேப் மெஷின் ஒன்று எடுத்து வந்திருந்தான்.
ஃபிரிட்ஜ் அளவு, ஃபிரிட்ஜைவிடக் கனம்.
என் நகம் ஒன்று அதன் அடியில்தான் போனது.
கூடவே இருபத்தாறு சுருள் நாடா, எல்லாம் பாவித்தது.
புதுசு வாங்கக் காசில்லை என்று யாரும் சொல்லவில்லை.
"பழைய நாடாவில் ஒரு சூடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டோம்,
பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டில்.

கோலெட் பாடினால்
சுரங்கத்தில் கூண்டு இறங்குகிற மாதிரி:
முதலில் வயிறு, பிறகுதான் காது.
பகலெல்லாம் போல்ட் கழற்றிய கையால்
டிரம்ஸ் அடிப்பான் மார்செல்.
நான் பேஸ். நாலு தடித்த கம்பி.
இருக்கும்போது யாருக்கும் கேட்பதில்லை,
நிறுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் பாட்டில் ஒரு சுரம் முந்திப் போனேன்.
வெட்டி ஒட்டலாம் என்று பிளேடு எடுத்தான் ரெய்யோ.
எடுத்த பிளேடால் தோடம்பழம் உரித்து
நாலு பேருக்கும் பங்கு வைத்தான்.
பிழை அங்கேயே கிடக்கிறது,
இரண்டு நிமிடம் நாற்பதாவது நொடியில்.
இப்போது மேடையிலும் அந்த இடத்தில் முந்துகிறேன்,
வேண்டுமென்றே.

பெப்ரவரியில் முந்நூறு இசைத்தட்டு வந்தது.
பெட்டியைப் பனியில் வைத்துவிட்டுப் போய்விட்டான் கூரியர்காரன்.
உறையில் என் பெயர்: யசோதினி கதிரவே.
மிச்சத்துக்கு இடம் போதவில்லையாம் அச்சகத்துக்கு.
அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"வேலும் போச்சு, பிள்ளையும் போச்சு."
பிறகு திருப்பி விலை பார்த்தார்.

டொரொண்டோப் பத்திரிகை ஒன்று எழுதியது:
நன்று, ஆனால் எழுபத்துநாலிலேயே
இதையெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள்.

எழுபத்துநாலு.
எங்களில் ஒருவரும் பிறக்கவில்லை.
வவுனியாவில், கரண்ட் வராத வீட்டில்
அம்மா தவழ்ந்துகொண்டிருந்தாள்.
அந்தக் கிட்டார்கள் எல்லாம்
அவள் தலைக்கு மேலே
வேறு ஏதோ வானத்தில் போயின.
ஆகவே எனக்கு அது பழசில்லை, ஐயா.
போகாத ஊர்.
போகாத ஊருக்கு வழி கேட்கிறாள் என்று
வீட்டில் ஏசுவார்கள்.
கேட்டேன். வழி இருந்தது.
விசா இல்லாமல், நடுச்சாமத்தில்,
ஆம்ப்ளிஃபயரைப் பத்தில் வைத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பத்திரிகைக்காரர் கடைசிவரை கேட்கவில்லை போல.
இரண்டாம் பக்கத்தின் கடைசியில்
சிம்பலின் அதிர்வு அடங்கி
ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும்போது
ஒலியைக் கூட்டிப் பாருங்கள்.
ஒரு மனிதன் பிரெஞ்சில் பேசுகிறான்.
அழித்த நாடாவில் அழியாமல் தங்கிவிட்டவன்.

கலவை செய்த இரவில்தான் கண்டுபிடித்தோம்.
ஸ்பீக்கரில் காது வைத்து கோலெட் சொன்னாள்:
இன்றிரவு பனி, பதினைந்து சென்டிமீட்டர்,
வடக்குச் சாலை மூடப்படலாம்,
பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.
எந்த வருடத்து இரவு, தெரியாது.
எந்த வாகனம் கேட்டுத் திரும்பியது,
எது கேளாமல் போனது, தெரியாது.

"அழிக்கவா?" என்றான் மார்செல்.
யாரும் வாய் திறக்கவில்லை.
தூரத்துச் சரிவில் உலைக்கசடு ஊற்றினார்கள்.
ஷெட்டின் ஒரே ஜன்னல் சிவந்து, பிறகு கறுத்தது.

மூன்று மணிக்கு வெளியே வந்தேன்.
பனி கொட்டி நின்றிருந்தது.
கார்க் கூரையில் கை விரித்து அளந்தேன்.
சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
சரியாகத்தான் சொல்லியிருந்தான்.