விரல் நுழையும் ஆழம்

கெமி துறைமுகத்தில் எனக்கு இரவு வேலை,
பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களோடு
வானொலியில் பேசுவது.
ஹென்ரிக்காவுக்கு ரொட்டிச் சூளையில், விடிவதற்கு முன்.
விடிவதென்றால், இங்கே டிசம்பரில்
பதினொரு மணிக்குக் கிட்டே.

ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றரை வருடம்.
சேர்ந்து காப்பி குடித்தது நான்கு முறை.
மீதி எல்லாம்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் மஞ்சள் தாள்:
பால் இல்லை. குழாய்க்காரர் வியாழன் வருகிறார்.
உன் ஈரக் காலுறை என் நாற்காலியில்.

அக்டோபரில் அந்தச் செடி வந்தது.
யார் வாங்கியது என்று தாளில் இல்லை.
அவள்தான், வேறு யார்.
உள்ளங்கையில் அடங்கும் தொட்டி.
துவைத்துப் பிழிந்து உதற மறந்த
கைக்குட்டை மாதிரி ஒவ்வோர் இலையும்.
நடுவில் எலிவால் போல ஒரு பூ,
பூ என்று சீட்டில் போட்டிருந்ததால் பூ.
மிளகுக் குடும்பம் என்றும் போட்டிருந்தது.
மிளகு டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்,
சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று.
மறுநாள் டப்பா அலமாரிக்குப் போயிருந்தது.
மறுபடி வைத்தேன்.
மறுபடி எடுத்தாள்.
ஒரு வாரம் ஓடியது இது.
அதுவரை நாங்கள் பேசியதிலேயே நீளமானது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
சன்னலோரம் ஆகாது, கண்ணாடியில் உரசும் இலை கருகும்.
ஹீட்டர் மேல் ஆகாது.
குளியலறையில் ஈரம் உண்டு, வெளிச்சம் இல்லை.
கடைசியில் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில்,
தூண்டில் நரம்பால் ஒரு விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு
அதற்கென்று ஒரு சூரியன் செய்தேன்.
ஊருக்கு மூன்று மணி நேர வெயில்,
செடிக்குப் பன்னிரண்டு.
பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன.

வேலை முடிந்து வந்ததும் ஒரு குவளை ஊற்றுவேன்.
இரவெல்லாம் கப்பல்களிடம்
பொறுங்கள், பொறுங்கள் என்றே சொன்னவளுக்கு
பொறுக்காமல் செய்ய ஒரு காரியம்.

ஜனவரியில் அது தலை சாய்ந்தது.
தாகம் என்று இன்னொரு குவளை.
தொட்டதும் இலை காம்போடு கையில் வந்தது,
வழவழவென்று.

எழுதி ஒட்டினேன்:
நீ ஒரு நாளாவது தண்ணீர் ஊற்றினாயா?

பதில் அதே தாளின் பின்பக்கம்:
தினமும். மதியம் வந்ததும். நீ மறந்துவிடுவாய் என்று.

தொப்பியைக் கழற்றாமல் நின்று படித்தேன்.
அவளைப் பற்றி நான் நினைத்ததும்
அதேதான், எழுத்து மாறாமல்.

அன்று தூங்கவில்லை.
அவள் வந்தாள், ஒரு புருவத்தில் மாவு.
தரையில் செய்தித்தாள் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தோம்.
வேர் குழைந்த சேமியாவாக இருந்தது,
குளத்தடி வாடை வேறு.
ஒரே ஓர் இலை மட்டும் விறைப்பாக.
மாவு வெட்டும் தகட்டால் அதை இரண்டாக நறுக்கினாள்,
கேட்காமல், கண் சிமிட்டாமல்.
பாதி உனக்கு, பாதி எனக்கா என்றேன்.
மணல் எடு என்றாள்.
வெட்டுவாய் புதைய நட்டு
ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து மூடினோம்.

பிறகு தன் ஆட்காட்டி விரலை
மணலில் இரண்டாம் கணு வரை இறக்கிக் காட்டினாள்.
இதுவரை காய்ந்தால் மட்டும்.
நானும் இறக்கினேன்.
உள்ளே, எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சி.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில்
செய்யாததை எழுதி வைக்கிறோம்.
செவ்வாய், விரல் விட்டேன், ஈரம், ஊற்றவில்லை. ஹெ.
புதன், ஊற்றவில்லை. நான்.
வியாழன், கை பரபரத்தது. ஊற்றவில்லை.

மார்ச் ஒன்பது, அவள் கையெழுத்து, சாய்ந்து, அவசரமாக:
ஜாடிக்குள் இடது பக்கம் பார்.
பருப்பளவு. அதற்குள்ளேயே சுருக்கம்.
தொடாதே.
எழுந்ததும் என்னை எழுப்பு.

காப்பி வைத்தேன், இருவருக்கு.
மேஜையில் மிளகு டப்பா.
நான் வைக்கவில்லை.