படிக்கட்டு வாரம்

சமையலறை என்று அவர் திறந்து காட்டிய கதவுக்குப் பின்னால்
சமையலறை இல்லை.
சுவரிலிருந்து நீண்ட இரண்டு குழாய்கள்,
கூரையிலிருந்து தொங்கும் ஒரு கம்பி.
முன்பு இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்,
அடுப்பு, தொட்டி, அலமாரி, பல்பு முதற்கொண்டு.
இங்கே அதுதான் வழக்கம் என்றார்.
தலையாட்டினேன்.
ஸ்டுட்கார்ட்டில் அந்த மாதம் முழுக்க
நான் செய்த வேலை அதுதான்.

பதினோரு நாள் குளியலறையில் பாத்திரம் கழுவினேன்.
குளிர்ப்பெட்டி வந்த இரவு
அதன் கதவைத் திறந்துவைத்து
அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.
முதுகு வியர்த்தது, முழங்கால் சில்லிட்டது.

கீழே அழைப்புமணிப் பலகையில் இன்னும் ரென்ஷ்லர்.
தபால்காரருக்கு நான் திருமதி ரென்ஷ்லர்.
அது நான் இல்லை என்பதில்
இந்த மொழியிலும் 'இல்லை' கடைசியில்தான் வருகிறது.
நான் அங்கே போய்ச் சேர்வதற்குள்
அவர் மஞ்சள் சைக்கிள்
அடுத்த தெருவில் இருக்கும்.
ரென்ஷ்லரின் பல் மருத்துவர் என்னை நினைவூட்டுகிறார்.
ரென்ஷ்லரின் நூலகத்துக்கு நான் நாலு யூரோ கடன்.

மொந்தெவிதேயோவிலிருந்து தம்பி எலியோ கேட்பான்
ஐரோப்பா எப்படி இருக்கிறது?
ஜூலை. அவன் கம்பளிக்குள், நான் கைக்குட்டையுடன்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரக் கூரை, ஒரு காகம்.
எதிர்வீட்டு பால்கனியின் சிவப்புப் பூக்களைப்
படமெடுத்து அனுப்பினேன்.
என்னுடையவை என்று சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை
என் கதவின் கைப்பிடியில் ஒரு மரப்பலகை
கயிறு கட்டித் தொங்கியது.
காலி செய்யச் சொல்கிறார்களோ என்று
வாசலிலேயே நின்றேன், சாவி கையில்.
கைப்பேசி மொழிபெயர்த்தது: பெருக்கும் வாரம்.
ஏதோ பண்டிகை.
அலுவலகத்தில் பிரேக் சோதிக்கும் மேசையருகே
மிலொராடிடம் கேட்டேன்,
அன்றைக்கு என்ன சமைப்பார்கள்?

அவன் சிரித்து முடிக்கக் காபி ஆறிவிட்டது.
"படிக்கட்டு உன் முறை.
சனிக்கிழமை காலையில் செய், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது.
சுத்தம் அப்புறம்.
வாளி ஒருதடவையாவது சுவரில் இடிக்கணும்.
பத்தொன்பது வருஷ அனுபவம், கேட்டுக்கோ."

ஐம்பத்து நாலு படி.
மேலிருந்து கீழே, முழங்கால் போட்டு.
நாலாம் மாடியில் நாய் இல்லாத வீட்டில் நாய்ச்சங்கிலி.
மூன்றாம் மாடியில் இடம் வலம் மாறிய
இரண்டு சின்ன மழைக்காலணிகள்.
இரண்டாம் மாடியில் கதவுக்குள் சண்டை.
ஒருத்தி 'எப்போதும்' என்று கத்தினாள்,
எப்போதும், எப்போதும்.
துணி பிழிந்துகொண்டிருந்த எனக்கு
அது மொழிபெயர்ப்பில்லாமல் வந்து சேர்ந்ததை
இரண்டு படி கீழே போன பிறகுதான் கவனித்தேன்.

அப்போது டிராம் ஓட்டும் ஹெபர்லே
சீருடையோடு இறங்கி வந்தார்.
ஈரத்தைப் பார்த்தார்.
நின்றார்.
குனிந்து, பெருமூச்சு விட்டு,
இரண்டு காலணிகளையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
காலுறையோடு என்னைக் கடந்து போனார்.
பெருவிரலில் ஒரு ஓட்டை.
கடைசிப் படியில் திரும்பாமலே சொன்னார்,
"ரென்ஷ்லர் ஒருநாளும் மூலையைத் துடைத்ததில்லை."

அது பாராட்டா, புகாரா,
மிலொராடிடம் கேட்கவில்லை.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து
படிகளைப் படமெடுத்தேன்.
ஈரத்தில் ஜன்னல் வெளிச்சம் மடிந்து மடிந்து இறங்கியது.
கோட்டையும் இல்லை, நீரூற்றும் இல்லை.
அனுப்பினேன்.

எலியோ உடனே கேட்டான்:
என்ன, வீட்டுக்குள்ளேயே மழையா?

விளக்கமாக நாலு வரி எழுதினேன், அழித்தேன்.
இந்த வாரம் என் முறை, என்று மட்டும்.

பல்பு இன்னும் மாட்டவில்லை.