ஆறு கட்டங்கள்

மாலை ஐந்து முதல் எட்டு வரை,
மணிக்குப் பதினைந்து டாலர்.
சேர்க்கை அலுவலகத்தின் அடித்தள அறையில்
நாலு தொலைபேசிகள், மூன்று வேலை செய்யும்.
இடம் கொடுத்தும் வராமல் போனவர்களின் பட்டியல்
என் முன்னால்.
கேள்வி ஒன்றுதான்: ஏன் வரவில்லை?
பதிலுக்குக் கட்டங்கள் ஆறு.
செலவு, பாடப்பிரிவு, வளாகம், நண்பர்கள், தூரம்.
எதிலும் அடங்காதவர்களுக்கு 'பிற'.

பட்டியலில் பாதிப் பேர்
என் பள்ளிக்கூடப் பேருந்தில் வந்தவர்கள்.
மேலாளரிடம் அதைச் சொல்லவில்லை.

ப்ரின்லி ஹுல்ஷோஃப், மிசூரி.
"அவர்கள் கடிதம் அக்டோபரில் வந்தது.
எவ்வளவு தருவோம் என்று எண்ணால் எழுதி
எழுத்தாலும் எழுதியிருந்தார்கள்.
உங்களுடையது மார்ச்சில்.
'மாநில பட்ஜெட் நிறைவேறும் பட்சத்தில்' என்று
நடுவில் ஒரு வரி.
அப்பா அதை இரண்டு தடவை படித்தார்.
பிறகு நாலாக மடித்து
சமையலறை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.
மேசை இப்போது ஆடுவதில்லை."
செலவு.

இமானி வெதர்ஸ்பூன், அயோவா.
ஆற்றைத் தாண்டினால் அவள் கல்லூரி.
அக்கரையும் சோளம், இக்கரையும் சோளம்,
பச்சையில் ஒரு வித்தியாசமும் இல்லை.
"நூலகத்தின் மூன்றாம் மாடி
பதினாறு வருஷமாக அம்மாவின் மாடி.
எந்த மேசைக்கு அடியில் எத்தனை சூயிங்கம்
என்பதெல்லாம் வீட்டில் பேச்சு.
அங்கே உட்கார்ந்து நான் எதைப் படிப்பேன்?"
வளாகம் என்று குறித்தேன்.
அழித்தேன்.
பிற என்று குறித்தேன்.

கோல்ட்டன் ராட்ஸ், அலபாமா.
பின்னணியில் யாரோ முரசு அடிக்கிறார்கள்.
"கால்பந்து! வேறென்ன? கேட்கிறதா?
எங்கள் தளத்தில் மட்டும்
பதினோரு பேர் இல்லினாய்க்காரர்கள்.
ஒருத்தன் பக்கத்து ஊர்.
அவன் வீட்டைத் தாண்டித்தான் பல் டாக்டரிடம் போவோம்.
பன்னிரண்டு மணி நேரம் காரோட்டி வந்து
இங்கே கை குலுக்கிக்கொண்டோம்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

எனக்கும் தெரியும்.
எஃப் வாகன நிறுத்தத்தில்தான் சைக்கிள் பழகினேன்.
மூன்றாம் வகுப்புச் சுற்றுலா இந்த வளாகத்துக்கு,
உயிரியல் துறைக் கண்ணாடிப் பெட்டியில்
இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி பார்த்தோம்.
ஆறாம் வகுப்பில் அதே கன்று.
ஒன்பதாம் வகுப்பிலும்.
சேர்க்கைக் கடிதத்தைப் பிரித்தபோது
அதன் நாலு கண்களும்
என்னைத்தான் பார்த்தன.

நீ ஏன் வந்தாய் என்று
என்னைக் கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை,
படிவமும் இல்லை.
விஸ்கான்சின் பார்க்கப் புறப்பட்ட சனிக்கிழமை
எங்கள் வேனின் கியர்பெட்டி உடைந்தது.
இழுவை வண்டிக்குக் கொடுத்த பணம்
விண்ணப்பக் கட்டணப் பணம்.
அவ்வளவுதான் என் கதை.
வந்தபின் தெரிந்தது:
கனிமவியல் வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர்,
நுண்ணோக்கிகள் ஒன்பது.
கையேட்டில் இதை யாரும் போடவில்லை.
கட்டணமில்லா நிறுத்தம் என்று
கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஏழு மணி. கடைசிப் பக்கம்.
கேரட் ஸ்மின்செக், இண்டியானா, பொறியியல்.
ஐந்தாவது மணியில் எடுத்தான்.
குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு கேட்டேன்.
நல்ல இடம் என்றான்.
ஆய்வகங்கள் பெரியவை என்றான்.
அறைத்தோழன் பெயர் கேட்டதும்
யோசித்தான்.

ஏழு பன்னிரண்டு.
தானியக் கிடங்குகளை ஒட்டிப் போகும் சரக்கு ரயில்
தன் வழக்கம்போல் ஊதியது.
முதலில் தொலைபேசிக்குள்.
ஒரு மூச்சு கழித்து
என் தலைக்கு மேலிருந்த குட்டிச் சன்னலில்.

நூற்றுப் பத்துப் பெட்டிகள் போகும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.
அவனுக்கு என் குரல் பிடிபட்டதா, தெரியாது.
"காரணம் எழுத வேண்டுமா?" என்றான்.
"ஒன்று எழுத வேண்டும்."
"அப்படியானால் நீங்களே ஏதாவது."

தூரம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
அடுத்த எண்ணை
உடனே அழுத்தவில்லை.