வாத்துகள் போய்விட்டன

விர்வேயின் கணினியில் ஒரு கோப்புறை,
பெயர் ‘இந்த இலையுதிர்காலம்’.
உள்ளே எதுவும் இல்லை.
பதினேழு எழுத்தில் ஒரு பாதை மட்டும்:
தொலைநோக்கிக் குடிசையில் செருகியிருக்கும் வட்டைப் பார்.
பத்திரத்தில் ‘மேற்படி’ என்று எழுதுவார்களே, அதுபோல.
மேல்தாளைக் கிழித்துவிட்டால்
மேற்படி எதன்படி?

ஹீயுமா தீவின் மேற்கு முனை. அக்டோபர்.
ரிஸ்ட்னாவில் நின்று அவள் கடலை எண்ணுகிறாள்:
நீள்வால் வாத்து நானூற்றுப் பத்து,
கறுப்பு வாத்து இருபத்தாறு,
மூடுபனி ஒன்று.
இரவுக்குள் எல்லாம் தார்த்து நகரம் போய்ச் சேரவேண்டும்,
பல்கலைக்கழக நிலவறையில்
ஹென்னோ எழுதிய நிரலின் வழியே.

முதல் இரவு நிரல்
பாதையைப் பாதையாகவே எடுத்துப்போனது.
ரிஸ்ட்னாவில் ‘இது’ என்று சொன்ன சுட்டி
தார்த்துவில் ‘அது’ என்று சொல்லக் கற்கவில்லை.
அங்கேயும் ‘இது, இது’ என்று
வெற்றுச் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றது.

சரி, சுட்டிய இடத்துக்கே போ என்றான்.
போனது. வாத்துகளோடு வந்தது.
வட்டுக்குள் விர்வே, திரும்பிவர வசதியாக,
வாசலையே சுட்டும் இன்னொரு சுட்டி வைத்திருந்தாள்.
நிரலோ சொன்ன பேச்சு தட்டாத பிள்ளை.
வாத்துகளுக்குள் வாத்துகள், அவற்றுக்குள் வாத்துகள்,
விடியும்போது நாற்பது அடுக்கு.
தார்த்துவில் எள் விழ இடமில்லை.
நுழைந்த வீட்டைக் குறித்துக்கொள்,
மறுபடி நுழையாதே
என்று ஒரு வரி சேர்த்துவிட்டுத்
தூங்கப் போனான்.

பத்தொன்பதாம் தேதி புயல்.
குடிசைக் கூரை ஒழுக, வட்டைப் பிடுங்கிக்
கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.
நிரல் வந்தது. சுட்டிய இடத்தைப் பார்த்தது.
ஓ, அழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று
தார்த்துவிலும் அழித்தது.
பதினோரு இலையுதிர்காலங்கள்.
பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை.

காலையில் தொலைபேசி.
‘விர்வே, வாத்துகள் போய்விட்டன.’
‘ஆமாம், விடியும் முன்பே. தெற்கே.’
‘இல்லை, எல்லாம்.’
‘எல்லாம்தான். காற்று தோதாக இருந்தது.’
இருவரும் ஒரே வாத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது
விளங்க நேரம் பிடித்தது.
விளங்கியதும் அவள் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.
வட்டு உடம்புச் சூட்டில் இருந்தது.

அன்று மாலை ஹென்னோ உட்கார்ந்தான்.
‘இல்லை’ வேறு, ‘இப்போது இங்கே இல்லை’ வேறு.
இதைச் சொல்ல அவனுக்கு நாற்பது வரி ஆனது,
மூன்று கோப்பை காப்பியும்.

என் மொழியில் இதற்கு ஓர் எழுத்து இருந்தது.
அ தொலைவுக்கு, இ பக்கத்துக்கு,
உ இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு.
நாங்கள் அதை எங்கேயோ போட்டுவிட்டோம்.
யாழ்ப்பாணத்தார் மட்டும்
இன்னும் ‘உது என்ன?’ என்று கேட்கிறார்கள்.
ஹென்னோ என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

நீள்வால் வாத்துக்கு அந்த ஊர்ப் பெயர் அவுல்.
அது கத்துவதும் அவுல், அவுல்.
தன்னையே சுட்டும் பெயர்,
சுழலில் சிக்காமல்
ரீகா வளைகுடாவின் மேல்
இந்நேரம் தாழப் பறந்துகொண்டிருக்கும்.
வட்டு, மேசைமேல்.
விர்வே அதைச் செருகுவதற்குமுன்
கையைத் துடைத்துக்கொள்கிறாள்.