முதல் காட்சியில் சாகிறவர்

தேவஇரக்கம் எழுதிய பதினேழு நாடகங்களில்
பதினாறில் அவர்
முதல் காட்சியிலேயே செத்துப்போவார்.
ஒன்றில் பாம்பு கடித்து,
ஒன்றில் பந்தயம் கட்டிப் பதநீர் குடித்து,
ஒன்றில் காரணமே சொல்லாமல்.
"எழுதுனவனுக்கும் இயக்குறவனுக்கும் நடுவுல
நடிக்கிறவன் ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுவே மசூது.
சட்டுன்னு செத்துரணும்.
செத்தாத்தான் ஓரமா நின்னு பாக்க முடியும்"
என்பார், நெற்றிச் சாயத்தைக்
காக்கிச் சட்டைக் கையில் துடைத்தபடி.

நான் மேலப்பாளையத்து வயர்மேன்.
அவர் மீட்டர் கணக்கெடுக்கிறவர்.
முருகன்குறிச்சி தொடங்கிச் சமாதானபுரம் வரை
எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது,
எந்த வீட்டில் அணைவதே இல்லை
எல்லாம் யூனிட் சுத்தமாகத் தெரியும்.
வசனத்தை அட்டையின் பின்பக்கம் எழுதுவார்.
ஒருமுறை அட்டை மாறி,
குலவணிகர்புரத்தில் ஒரு டீச்சர் வீட்டு மீட்டர் பெட்டிக்கு மேல்
'நீ போனால் இந்தச் சுவர் பேசும்'
என்று தொங்கியது.
டீச்சர் ஆபீசுக்கே வந்துவிட்டார், சண்டைக்கு.
அவர்தான் பியூலா.
அடுத்த பதினோரு நாடகத்துக்கும் அவர்தான் கதாநாயகி.
அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்று
டிக்கெட் கிழித்தார்.

முதன்முதலில் மேடை ஏறியது எட்டு வயதில்,
கிறிஸ்துமஸ் மரவிழாவில், ஏரோதுவின் சேவகனாக.
பொம்மைக் குழந்தையை வெட்ட வேண்டும்.
வெட்டாமல்
தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாராம்
திரை விழும்வரை.
சேகரகுரு காதைத் திருகினாராம்.
இதை அவர் சொன்னதே இல்லை.
அண்ணன் ஞானதிரவியம் சொல்லி எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில்
கொக்கிரகுளத்து ஒத்திகை அறை போயிற்று.
ராஜா கிரீடம் மட்டும்
சீவலப்பேரிப் பக்கம் கத்தரித் தோட்டத்தில்
ஒதுங்கியிருப்பதாகத் தகவல்.
என் பைக்கில் போனோம்.
ஒரு பொடியன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு
எருமை பத்திக்கொண்டிருந்தான்.
அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
கேட்காமலே திரும்பினோம்.
"நம்ம பயலுவள விட
நல்லா நடக்கான்லா" என்றார்.
அடுத்த நாடகத்தில் ராஜாவுக்குத் துண்டுதான்.

ஓய்வுபெற்ற ஆண்டு சென்னையிலிருந்து பட்டயம் வந்தது.
'தேவஇறக்கம்' என்று அச்சடித்திருந்தார்கள்.
வல்லின ற.
திருப்பி அனுப்ப வேண்டும் என்று பியூலா டீச்சர் துடித்தார்.
அவர் ஆணி அடித்துக்கொண்டே சொன்னார்:
"இரக்கம் அப்பா வச்சது.
இறக்கம் நான் சம்பாதிச்சது."

பதினேழாவதில் கடைசிவரை உயிரோடிருந்தார்.
ஆளில்லாத ஊரில்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர்களைக்
குறிக்க வந்தவன் வேஷம்.
மார்க்கெட் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபம்.
மூன்றாம் காட்சியில் நின்றுவிட்டார்.
அவர் எழுதிய வசனம் அவருக்கு வரவில்லை.
பியூலா கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.
அவர் பார்த்தது மேடை ஓரத்தை,
பதினாறு நாடகமாக அவரே நின்ற இடத்தை.
அங்கே ஒரு மடக்கு நாற்காலி,
அதன்மேல் யாருடையதோ தண்ணீர் பாட்டில்.

சுவிட்சுப் பலகையை விட்டுவிட்டு
அந்த இடத்தில் போய் நின்றேன்.
என்னைக் கண்டதும் பென்சிலை எடுத்தார்.
"எத்தனை யூனிட்?"
நாடகத்தில் இல்லாத வசனம்.
முப்பது வருசத்தில் மேடைக்குக் கேட்க
நான் வாய் திறந்ததில்லை.
"நானூத்திப் பன்னெண்டு."
நிதானமாகக் குறித்துக்கொண்டார்.
முன்வரிசையில் யாரோ ஆரம்பிக்க
மண்டபம் கைதட்டியது.
அதன்பிறகு எல்லாம் வந்தது,
வரிசையாக, ஒரு கமா தவறாமல்.

ஐந்து மாதம் இருந்தார் பிறகு.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் முடிந்தபோது
பக்கத்தில் நான் இல்லை,
கம்பத்தில் இருந்தேன்.

அன்று ராத்திரி திரை விழுந்ததும்
கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்து
ஓரத்திலேயே நின்றேன்.
வேர்வையும் சாயமுமாக வந்தார்.
"போர்டை விட்டுட்டு ஏன்வே வந்தீரு?
கடைசிக் காட்சிக்கு நீலம் வரவே இல்லையே!"