ஏறிப் பார்த்தல்

கிரவீன், செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை.
அடுத்த தெருவில் ஒரு வீட்டில்
மடிக்கணினியும் தாலிக்கொடியும் போய்விட்டன.
"இவ்வளவு உயர வேலி, எப்படி ஏறினவன்?"
யோகமலர் அக்கா கேட்கிறார்,
கையில் தேநீர், காலில் புருஷனின் செருப்பு.

உயரம் இல்லை அக்கா,
கால் வைக்க இடம்.

வேலியைப் பிறகு பார்க்கலாம் என்று சுற்றி வந்தேன்.
சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டி, எரிவாயு மீட்டர்ப் பெட்டி,
பிள்ளைகள் வளர்ந்தபின் ஒருவரும் குதிக்காத டிராம்பொலின்.
எல்லாம் வேலியோடு ஒட்டி,
தோள் கொடுக்கத் தயாராக.
"அதெல்லாம் எங்கட சாமான்தானே?"
ஓம். கள்ளனுக்கு ஏணி தூக்கும் வேலை மிச்சம்.

மூலை வீடு. பலகை வேலியின் குறுக்குச் சட்டங்கள்
தெருவைப் பார்த்து நின்றன, மூன்று படிகளாக.
கழற்றித் திருப்பினேன்:
வழவழப்பு வெளியே, எலும்பு உள்ளே.
மேல்விளிம்பில் உருளைக் குழாய்.
பிடித்தால் சுழலும்,
வாக்குக் கொடுத்தவர்கள் மாதிரி.

"கண்ணாடித் துண்டு பதிச்சா?"
நகரசபை விடாது என்றேன்.
நகரசபையை விடுங்கோ, பூனை இருக்கு,
பந்தெடுக்க வரும் பொடியன் இருக்கிறான்.
போகன்வில்லா நடுங்கோ.
முள்ளைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள்,
பூவைப் பற்றித்தான் கேட்பார்கள்.

பின்மூலையில் ஒரு பலகை ஆடியது.
மேலே மட்டும் ஆணி; விலக்கினால் பொட்டு.
அந்தப் பக்கத்து லெபனான்காரி
அதனூடாகத்தான் எலுமிச்சம்பழம் தருவாவாம்,
இவர் வடை.
அடைக்கவா?
அக்கா தேநீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
"ஒரு கை நுழையிற அளவுக்கு விட்டா
ஆள் வருவானோ?"

பன்னிரண்டு சென்றிமீற்றர்.
கை வரும், எலுமிச்சை வரும், தலை வராது.
தலை வராத அளவு எனக்கு மனப்பாடம்.

வேலை முடிந்தால் ஏறிப் பார்ப்பேன்.
தெருவிலிருந்து ஓடிவந்து எகிறினேன்.
உருளை சுழன்றது, புல்லில் முதுகு.
அக்கா கைதட்டினார்.
எதிர்வீட்டுக்காரர் போனை எடுத்து,
என் மஞ்சள் மேற்சட்டையைக் கண்டு
வைத்தார்.

கிடந்தபடியே பார்த்தேன்.
மூன்று வருஷமும் பதினொரு மாதமும்
இதே கோணத்தில் ஒரு வேலி.
ஒருநாளும் நான் ஏறவில்லை.
கண் மட்டும் தினமும் ஏறும்.
எங்கே வழுக்கும், எங்கே கிழிக்கும்
எல்லாம் தெரிந்துகொண்டு
பின்னேர எண்ணிக்கைக்கு முன்
இறங்கிவிடும்.

"இதெல்லாம் எங்க படிச்சனீர்?"
காசை எண்ணியபடி கேட்டார்.
டேஃபில், அக்கா. ஆறு மாதம்.

ரசீதில் எழுதினேன்:
வேலி, பதினெட்டு மீற்றர்,
வெளிப்பக்கம் மட்டும்.